பதினோரு கிலோ இருக்கும்

எடையளவு அலுவலகத்தில் யாரும் யாரையும் நம்பமாட்டார்கள். அதைக் குற்றமாகச் சொல்லவும் முடியாது, அவர்கள் பிழைப்பே அதுதான். ஊரிலுள்ள கடைத் தராசுகளும் எடைக்கற்களும் மீட்டர் கோல்களும் ஆண்டுக்கு ஒருமுறை அங்கே வந்து, தாங்கள் பொய் சொல்லவில்லை என்று நிரூபித்துவிட்டு, முத்திரை வாங்கிக்கொண்டு போகவேண்டும். காலையிலிருந்து மாலைவரை பொய்யைத் தேடுகிறவர்கள் பக்கத்து மேசைக்காரரை மட்டும் நம்பிவிடுவார்களா என்ன?

அந்த அலுவலகத்தில் பன்னிரண்டு வருடமாக எடைக்கற்களுக்கு முத்திரை அடித்துவந்தவருக்கு முத்திரைக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. நான்கு வயதில் ஒரு பெண், ஒன்றரை வயதில் ஒரு பையன். மனைவி தொலைபேசி விசாரணைப் பிரிவில் பகல் இரண்டு மணிக்கு ஹெட்போனை மாட்டினால் இரவு பத்துக்குத்தான் கழற்றுவாள். ஆகவே மாலையில் காப்பகத்திலிருந்து பிள்ளைகளை அழைத்துவருவது அப்பாவின் வேலை. காப்பகம் ஐந்தரைக்கு மூடும். அலுவலகம் ஐந்துக்கு விடும். இடையில் இருக்கிற பஸ்ஸோ நாலு நாற்பதுக்கு ஒன்று, ஐந்தேகாலுக்கு ஒன்று. ஐந்தேகால் பஸ் காப்பகத்தை அடைவதற்குள் ஐந்து முப்பத்தைந்து ஆகிவிடும். அதனால்தான் சிறு குழந்தைகளைப் பெற்றவர்கள் நாலரைக்கே கிளம்பலாம் என்று ஒரு பழைய விதி இருந்தது. அந்த அரைமணி நேரத்தில்தான் முத்திரைக்காரரின் குடும்பமே தொங்கிக்கொண்டிருந்தது. பஸ் கெட்டுப்போனதில் ஏற்கெனவே இரண்டுமுறை தாமதமாகிவிட்டது. மூன்றாவது முறை தாமதமானால் பெண்ணுக்கும் பையனுக்கும் இடமில்லை என்று காப்பகத்து அக்கா சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தாள். அவள் எல்லாவற்றையும் சிரித்த முகத்தோடுதான் சொல்வாள்.

இப்படியிருக்க, ஒரு திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் சுற்றறிக்கை ஒன்று தொங்கியது. 'சிறு குழந்தைகளின் பெற்றோருக்கு வழங்கப்பட்டுவரும் அரைமணி நேர விடுவிப்பு, அவர்களது உடல்நலன் கருதி, இனி உடற்தகுதிப் பிரிவின் பொறுப்பில் வரும்.'

முத்திரைக்காரர் அதை மூன்றுமுறை படித்தார். 'உடல்நலன் கருதி' என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் கண் நின்றது. இந்த அலுவலகம் எதையாவது கருதினால் அவரிடம் ஏதாவது ஒன்று குறையும். போன வருடம் முதுகுநலன் கருதி அவருடைய நாற்காலியை எடுத்துக்கொண்டு முதுகில்லாத முக்காலி ஒன்றைக் கொடுத்தார்கள். அதற்கு முந்தின வருடம் கண்நலன் கருதி இரண்டு விளக்குகளைக் கழற்றினார்கள்.

மனைவியிடம் போனில் சொன்னார்.

"இதுல ஏதோ இருக்குங்க. நம்ம உடம்பைப் பத்தி அவங்களுக்கு எதுக்கு அக்கறை?" என்றாள்.

உடற்தகுதிப் பிரிவு தரைத்தளத்தில், முன்பு உடைந்த தராசுகளைப் போட்டுவைத்த அறையில் இருந்தது. அதன் தலைவரான தகுதி அதிகாரி நல்ல ஆகிருதி. முதல் மாடியில் கூட்டம் என்றால் லிப்ட் வரும்வரை பதினைந்து நிமிடம்கூடப் பொறுமையாக நிற்பார். அறைச் சுவர் முழுக்க ஓடுகிறவர்கள், தாண்டுகிறவர்கள், நீந்துகிறவர்கள் படங்கள். அவற்றைப் பார்த்தபடி உட்காருவதற்கென்றே சாய்வு நாற்காலி ஒன்றும் இருந்தது.

அலுவலகத்தில் சிறு குழந்தைகளைப் பெற்றவர்கள் மொத்தம் ஐந்து பேர். ஐந்து பேரையும் வரிசையாக உட்காரவைத்து அவர் உரையாற்றினார். பெற்றோர்கள் குழந்தைகளைச் சாக்குச் சொல்லி உடற்பயிற்சியைத் தட்டிக்கழிக்கிறார்களாம். அரைமணி நேரம் முன்னால் போகிறவர்கள் அதை என்ன செய்கிறார்கள் என்று இதுவரை யாருமே அளந்து பார்க்கவில்லையாம். அளக்காத எதையும் இந்த அலுவலகம் கொடுக்கக்கூடாதாம். ஆகவே தினமும் அரைமணி நேரம் உடற்பயிற்சி செய்ததற்கு ஆதாரம் தருகிறவர்களுக்கு மட்டும்தான் இனி நாலரை.

"நான் இருபது வருஷமா உடற்பயிற்சியைப் பத்திப் படிச்சுட்டு வரேன். செய்யறவங்களுக்குப் படிக்க நேரம் கிடைக்காது. அதனாலதான் நான் செய்யறதில்ல. யாராவது ஒருத்தர் இந்தத் தியாகத்தைப் பண்ணித்தானே ஆகணும்?" என்றார்.

ஐந்து பேரும் தலையாட்டினார்கள். முத்திரைக்காரருக்குத் தலை ஆடியதே தவிர மனம் ஆடவில்லை. குழந்தைகளை அழைத்துவர விட்ட அரைமணியில் உடற்பயிற்சி செய்தால் குழந்தைகளை யார் அழைத்துவருவது? கேட்கலாமென்று வாயைத் திறந்தார். அதற்குள் தகுதி அதிகாரிக்கு மூச்சு வாங்கியதால் கூட்டம் முடிந்தது.

பயிற்சிக் குறிப்பேடு ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். தினமும் என்ன பயிற்சி, எவ்வளவு நேரம், என்ன எடை தூக்கினீர்கள் என்று எழுதவேண்டும். முத்திரைக்காரர் அன்று மாலை தன் வாழ்க்கையைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தார். பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்கு மாடி ஏறினார், அந்தக் கட்டடத்து லிப்ட் பையன் பிறந்த மாதத்திலேயே நின்றுபோயிருந்தது. கட்டிலுக்கடியில் போன ஒற்றைச் செருப்புக்காக ஏழுமுறை குனிந்தார். குளிக்க மறுத்து ஓடிய பெண்ணைக் கூடத்தைச் சுற்றித் துரத்தினார். இதற்குமேல் ஒரு மனிதன் என்ன செய்யமுடியும்? உள்ளதை உள்ளபடி எழுதினார். 'குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான்கு மாடி ஏறினேன்.'

மறுநாள் தகுதி அதிகாரி கூப்பிட்டனுப்பினார். குறிப்பேட்டைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்திருக்கிறார் என்பது சிவப்பு வட்டங்களிலிருந்து தெரிந்தது.

"எடை எவ்வளவு?"

"பதினோரு கிலோ இருக்கும் சார்."

அறை மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்மணி கையை எடுத்துவிட்டாள்.

"இருக்குமா?" என்றார் தகுதி அதிகாரி, மெதுவாக.

முத்திரைக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. எடையளவு அலுவலகத்தில் பன்னிரண்டு வருடம் உப்புத் தின்றவன் சொல்லக்கூடிய சொல்லா அது? ஒரு மளிகைக் கடைக்காரன் அவரிடம் 'கிலோ இருக்கும்' என்று சொல்லியிருந்தால் அந்தத் தராசை அங்கேயே பறிமுதல் செய்திருப்பார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாகிவிட்டது.

முத்திரையில்லாத எடையைப் பொதுக் காரியத்துக்குப் பயன்படுத்துவது குற்றம் என்று அதிகாரி நினைவூட்டினார். அலுவலகச் சலுகையைப் பெறுவது பொதுக் காரியம். ஆகவே அந்தக் குழந்தை புதன்கிழமை பகல் ஒன்றரைக்கு அலுவலகத்துக்கு வந்து எடை நிரூபிக்கவேண்டும். அதுவரை தூக்கியதெல்லாம் கணக்கில் வராது.

"அப்போ நான் தூக்கினது பொய்யா சார்?"

"நீங்க தூக்கினீங்க. நான் நம்பறேன். ஆனா எதைத் தூக்கினீங்கன்னு அலுவலகத்துக்குத் தெரியாது."

புதன்கிழமை மனைவி வேலைக்குப் போகும் வழியில் பையனைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். போகும்போது வாசலில் நின்று அந்தக் கட்டடத்தை மேலும் கீழும் பார்த்தாள். பையனோ சந்தோஷமாகத்தான் இருந்தான். பளபளவென்று பித்தளைத் தட்டோடு நின்ற பெரிய தராசில் உட்காரவைத்ததும் அது தனக்காகவே வாங்கியது என்று நினைத்துக் கைதட்டினான். கைதட்டியதில் முள் ஆடியது. முள் நிற்கும்வரை எடை சொல்லமுடியாது. பையன் நிற்பதாக இல்லை. கடைசியில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து அசையாமல் உட்காரவைத்தபோது பதினோரு கிலோ இருநூற்று நாற்பது கிராம் காட்டியது. சரிபார்ப்பதற்காக இரண்டாம் முறை வைத்தார்கள். இருநூற்று ஐம்பத்தைந்து.

எல்லோரும் முத்திரைக்காரரைப் பார்த்தார்கள். இடையில் இன்னொரு பிஸ்கட்டைத் தின்றுவிட்டான் என்று அவர் விளக்கினார். மூன்றாம் முறை வைப்பதற்குள் பையன் அப்பாவைக் காப்பாற்றப் போவதுபோல முகத்தை இறுக்கினான். அதன்பிறகு டயப்பரைக் கழற்றியதும் எடை இருநூற்று ஐம்பது கிராமுக்கும் மேலே குறைந்தது.

எடை பார்த்த ஸ்டோர் கிளார்க் ஓய்வுபெற இன்னும் எட்டு மாதமே இருந்த மனிதர். அவர் ஆடிப்போனார். "முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல தானா ஏறி தானா இறங்கற எடையை நான் பார்த்ததில்ல. இதுல கலப்படம் இருக்கு" என்றார்.

ஒருமணி நேர ஆலோசனைக்குப் பிறகு, டயப்பரை உறையாகக் கருதி அதன் எடையைக் கழித்துவிடலாம் என்று முடிவானது. அதற்கப்புறம் படிவம். உலோகம் எது என்ற கட்டத்தில் வார்ப்பிரும்பையும் பித்தளையையும் அடித்துவிட்டு 'மற்றவை' என்று போட்டார்கள். கைப்பிடி, இரண்டு. துரு, இல்லை. அடியில் ஈயம் ஊற்றிச் சரிக்கட்டுவதற்குத் துளை உண்டா என்ற கட்டம் வந்தபோது கிளார்க் பையனைப் பார்த்தார், தகப்பனைப் பார்த்தார், காலியாக விட்டுவிட்டார். பிறகு கணுக்காலில் ஒரு துணிப் பட்டையைக் கட்டி, முத்திரை அடிக்கவேண்டியவரைக் கூப்பிட்டார்கள். அடிக்கவேண்டியவர் அவரேதான். தன் பையன் காலில் தானே முத்திரை அடிக்கும்முன் பன்னிரண்டு வருடத்தில் முதன்முறையாக முத்திரையை ஊதித் துடைத்தார். பையன் பட்டையைப் பார்த்துப் 'பூ' என்றான்.

அன்றுமுதல் சின்னவன் அலுவலக இருப்புப் பதிவேட்டில் ஏறினான். 'பயிற்சி எடை, ஒன்று.' முத்திரைக்காரருக்கு நாலரை மணி கிடைத்தது. கிடைத்தும் அவர் அதை நம்பவில்லை. இந்த அலுவலகம் ஒன்றைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டுச் சும்மா இருந்ததாகச் சரித்திரமே இல்லை.

சும்மா இருக்கவும் இல்லை. வாராவாரம் புதன்கிழமை எடையைக் கொண்டுவந்து காட்டவேண்டும் என்றார்கள். இரண்டாம் வாரம் தொண்ணூறு கிராம் கூடியிருந்தது. எடை தானாகக் கூடுவதற்குக் காரணம் என்ன என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. 'சாப்பாடு' என்று பதில் எழுதினார். அதைக் கொடுத்தவர் யார், கொடுக்க அனுமதி பெற்றாரா என்று அடுத்த கடிதம் வந்தது. மனைவி அதை வாங்கிப் படித்துவிட்டுச் சோற்றுக் கிண்ணத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இவங்க பிள்ளையை அளக்கலைங்க. அந்த அரைமணியைத் திருப்பி வாங்க வழி தேடறாங்க" என்றாள்.

மூன்றாம் புதன்கிழமை. பகலில் எடை பார்த்தாகிவிட்டது, முத்திரைக்காரர் பையனைத் தூக்கிக்கொண்டு நாலரைக்கு வாசலுக்கு வந்தார். காவலாளி கையை நீட்டி மறித்தார். அவர் நல்ல மனிதர்தான், போன இரண்டு வாரமும் பையனின் கன்னத்தைத் தட்டி அனுப்பியவர். ஆனால் அன்று காலை அவர் கையில் இருப்புப் பட்டியலின் நகல் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள்.

"உங்களை விட்டுடறேன் சார். அதை விட முடியாது. வெளிய போறதுக்குச் சீட்டு வேணும்."

சீட்டு தரவேண்டிய ஸ்டோர் கிளார்க் நாலு மணிக்கே பூட்டிக்கொண்டு போய்விட்டார். முத்திரைக்காரர் தகுதி அதிகாரியிடம் ஓடினார். அதிகாரி சாய்வு நாற்காலியில், நீந்துகிறவர் படத்துக்குக் கீழே கால்நீட்டி இருந்தார். பதற்றமே படவில்லை. பதிவேட்டில் இருக்கிற பொருள் சீட்டில்லாமல் வெளியே போனால் அதற்குப் பெயர் திருட்டு என்றார். இதற்கு முன் இரண்டு வாரம் நடந்ததும் திருட்டுதான், பெருந்தன்மையாக அதை விட்டுவிடலாம். இனி இரண்டே வழிதான். நாளைக் காலைவரை ஸ்டோரில் வைத்துப் பூட்டலாம், தன்னிடம் இன்னொரு சாவி இருக்கிறது. தூசி வராது, எலி வராது.

"இல்லன்னா கழிவுப் படிவம் இருக்கு. 'இந்தப் பொருள் பயனற்றது, இனி தேவையில்லை'ன்னு கையெழுத்துப் போடுங்க. அடுத்த நிமிஷமே பதிவேட்டுல இருந்து எடுத்துடறேன். எடுத்துக்கிட்டுப் போங்க. ஆனா பயனற்ற எடையைத் தூக்கினா அது பயிற்சி ஆகாது, நாலரை கிடையாது. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நாலு நாற்பது பஸ் போகிற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. முத்திரைக்காரர் பேனாவை எடுத்தார். அந்த அலுவலகத்தில் எத்தனையோ உளுத்துப்போன தராசுகளுக்கும் உடைந்த கற்களுக்கும் அதே படிவத்தில், அதே வாக்கியத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டவர் அவர். இப்போது பையன் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, காப்பகத்தில் இருக்கும் தன் அக்காவை நினைத்து 'அக்கா, அக்கா' என்று வாசலைக் காட்டிக்கொண்டிருந்தான். பேனா படிவத்துக்குமேல் நின்றது, கால்மணி நேரம் நின்றது, இறங்கவே இல்லை. எழுத்துதானே, போட்டுவிட்டுப் போனால் என்ன என்று மனத்தின் ஒரு பக்கம் சொல்லியது. முடியவில்லை. அவருக்கு அழுகை வந்தது, கூடவே இத்தனை நாள் எங்கிருந்ததோ தெரியாத கோபமும் வந்தது.

பேனாவை வைத்துவிட்டு, பையனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாசலை நோக்கி நடந்தார். காவலாளி குறுக்குக் கட்டையை இறக்கினார். முத்திரைக்காரர் கட்டைக்கடியில் குனிந்து மறுபக்கம் நிமிர்ந்தார். கட்டிலுக்கடியில் செருப்புத் தேடியவருக்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. பிறகு ஓடினார்.

உடற்தகுதிப் பிரிவு முழுவதும் துரத்தியது. தகுதி அதிகாரி முதல் விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். டைப் அடிக்கும் பெண்மணி இரண்டாவது கம்பம்வரை வந்து, தன் குழந்தையும் அதே காப்பகத்தில் இருப்பது நினைவுக்கு வந்தவளாகத் திரும்பிப்போனாள். காவலாளிக்கு ஓடத் தெரியும், ஆனால் வாசலை விட்டு நகர அவருக்கு அனுமதி இல்லை.

பஸ் போகிற பாதை முழுக்க முத்திரைக்காரர் ஓடினார். மேம்பாலத்தில் ஏறும்போது தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. பையன் இது ஏதோ விளையாட்டு என்று தோளில் குதித்துக் குதித்துச் சிரித்தான். ஒவ்வொரு குதிக்கும் பதினோரு கிலோ நூற்று முப்பது கிராம் எலும்பில் இறங்கியது. சந்தைத் தெருவில் ஒருமுறை நின்றார். நின்றதும் காப்பகத்து அக்காவின் சிரித்த முகம் கண்ணில் வந்ததால் மறுபடியும் ஓடினார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது காப்பகத்து அக்கா ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து இருபத்தெட்டு. பெண் பையை மாட்டிக்கொண்டு ஷட்டருக்குக் கீழே நின்று, வியர்வையில் நனைந்த அப்பாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ குளிச்சியா அப்பா?"

முத்திரைக்காரர் அவளையும் சேர்த்து அணைத்துக்கொண்டார். பேச மூச்சு வரவில்லை. இடம் தப்பியது, அது போதும் என்றிருந்தது.

மறுநாள் வேலை போய்விடும் என்ற நினைப்போடுதான் அலுவலகம் போனார். வாசலில் காவலாளி சல்யூட் அடித்தார். உள்ளே பெற்றோர் ஐந்து பேரையும் வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். தகுதி அதிகாரி பூச்செண்டோடு நின்றார்.

திருட்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நீட்டல் பிரிவு ஆட்கள் காலையிலேயே அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு போய்த் தூரத்தை அளந்துவிட்டார்களாம். மூன்று கிலோமீட்டர் நூற்று நாற்பது மீட்டர். வாசலைக் கடந்தது நாலு ஐம்பத்தெட்டு என்று காவலாளி எழுதிவைத்திருக்கிறார். போய்ச் சேர்ந்தது எத்தனை மணிக்கு என்று காப்பகத்துக்குப் போன் போட்டுக் கேட்டாகிவிட்டது. முத்திரையிட்ட எடையோடு, அளந்த தூரத்தில், சரியாக அரைமணி. இந்தப் பிரிவு தொடங்கியதிலிருந்து இப்படியொரு ஆதாரம் கிடைத்ததில்லை என்று சொல்லும்போது தகுதி அதிகாரிக்குக் கண் கலங்கியது.

"ஒரு தகப்பன் அஞ்சு மணிக்குக் கிளம்பினாலும் அஞ்சரைக்குள்ள போய்ச் சேர முடியும்னு இவர் நிரூபிச்சுட்டார். இனி நாலரை யாருக்குமே தேவையில்ல. இதை நான் பறிக்கலை. உங்கள்ல ஒருத்தர் ஓடிக் காட்டினது" என்றார்.

பூச்செண்டு முத்திரைக்காரர் கையில் வந்தது. மற்ற நான்கு பேரும் அவரைப் பார்த்த பார்வையில் பூ வாடியிருக்கவேண்டும். ஆறு வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த லிட்டர் பிரிவுக்காரர், எவ்வளவு கொடுத்தார்கள் என்று காதோடு கேட்டார். டைப் அடிக்கும் பெண்மணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மனைவிக்குப் போன் செய்தார். அவள் நான் அப்போதே சொன்னேன் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

மாலை ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஐந்து பேரும் வாசலில் கூடினார்கள். டைப் அடிக்கும் பெண்மணி செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். தரைத்தளத்து ஜன்னலில் தகுதி அதிகாரி ஒரு கையில் டீயும் ஒரு கையில் நேரமளக்கும் கடிகாரமுமாக நின்றார். அந்தக் கடிகாரத்துக்கு அன்று காலைதான் முத்திரை அடித்துக் கொடுத்திருந்தார் முத்திரைக்காரர். அவர் குரலைத் தாழ்த்தி மற்றவர்களிடம் சொன்னார்.

"தயவுசெஞ்சு யாரும் வேகமா ஓடாதீங்க. இன்னைக்கு இருபத்தஞ்சு நிமிஷத்துல போயிட்டோம்னா, நாளைக்கு அஞ்சு அஞ்சுக்குத்தான் கதவைத் திறப்பாங்க. முப்பதுக்கு ஒரு நொடி குறையக்கூடாது."

லிட்டர் பிரிவுக்காரர், சாதனையை நீயே வைத்துக்கொள்ளப் பார்க்கிறாயா என்பதுபோல முறைத்தார். அப்புறம் அவருக்கும் விஷயம் புரிந்தது. எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். மேம்பாலத்தில் நடப்பது, சந்தைத் தெருவில் ஒரு நிமிடம் நிற்பது என்றெல்லாம் பேசி வைத்துக்கொண்டார்கள்.

மணி அடித்தது. கட்டை மேலே போனது. டைப் அடிக்கும் பெண்மணியின் குழந்தைக்குக் காலையிலிருந்து லேசாகக் காய்ச்சல், அவள் முதல் அடியிலேயே பறந்தாள். அவளைப் பார்த்து லிட்டர் பிரிவுக்காரர் பறந்தார். மூன்றாமவரும் நான்காமவரும் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துவிட்டு ஓடினார்கள். முத்திரைக்காரர் மெதுவாக ஓடத்தான் நினைத்தார். விளக்குக் கம்பம்வரை மெதுவாகவும் ஓடினார். பிறகு பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே பையோடு நிற்கிற பெண் கண்ணில் வந்துவிட்டாள். அன்று அவர் இருபத்து மூன்று நிமிடத்தில் போய்ச் சேர்ந்தார்.